எழக்கூடாத ஆட்டம்

விசில் ஒலித்தபோது, அது என்னைக் குறித்து ஒலித்தது என்பதை நான் உணரவில்லை.

பந்து வளையத்தின் விளிம்பில் மோதி மேலே எழும்பியது. என் இரு கைகளும் அதனை நோக்கி உயர்ந்தன. உள்ளங்கைகளில் பந்து வந்து ஒட்டிக்கொள்ளும் அந்தச் சிறு ஓசை, உலகத்து ஓசைகளுள் எனக்கு மிக இனியது. பல்லாண்டுகளுக்குப் பின் அன்றுதான் அதனை மீண்டும் கேட்டேன். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், உள்ளரங்கில் இருந்த அனைவரும் தத்தம் சக்கரங்களைப் பிடித்து நிறுத்திவிட்டு என்னையே நோக்கிக் கொண்டிருந்தனர்.

"சார், எழுந்துட்டீங்க," என்றார் எங்கள் குழுவின் தலைவி நிர்மலா.

"எழலையேம்மா. பந்தைத்தானே எடுத்தேன்."

"எடுத்தீங்க. எழுந்து எடுத்தீங்க. உங்களுக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு டிபன் பாக்ஸ் வெச்சிருக்கலாம்."

"டிபன் பாக்ஸ் இன்னாக்கா, அடுக்கு கேரியரே வெக்கலாம்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது கோவளத்து ஆரோக்கியத்தின் குரல். அனைவரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். ஆயினும் என் முகம் சூடேறியதை நான் அறிவேன்.

வலக்கால் முழங்காலுக்குக் கீழே நீக்கப்பட்ட வரலாற்றைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். புதிதாக வாசிப்போருக்கு ஒரு வரி: சர்க்கரை நோயினால் உணர்விழந்த பாதத்தில் ஏற்பட்ட புண்ணை, ஆட்டக்காரர்களுக்கே உரிய வழக்கப்படி டேப் சுற்றிக் கட்டிக்கொண்டு நடமாடினேன், அது காலைக் கொண்டுபோயிற்று. அதன் பின்னர், தாம்பரத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்து கூடைப்பந்து ஆடுவோர் இருக்கின்றனர் என்று கேள்வியுற்று, அவர்களைத் தேடிச் சென்ற கதைதான் இவ்வாரத்தது.

ஒரே ஒரு விதி

அந்த ஆட்டத்தில் வளையத்தின் உயரம் மாறுவதில்லை. பலகை அதே பலகை. பந்து அதே பந்து. ஆனால் ஒரு விதி உண்டு. ஆடுபவர் இருக்கையை விட்டு எழும்பிப் பந்தை எடுத்தலாகாது.

காரணம் நியாயமானது. எங்கள் குழுவில் இடுப்புக்குக் கீழே அசைவே இல்லாதவர்கள் உண்டு. என்னைப் போல் ஒரு கால் மிச்சமிருப்பவர்களும் உண்டு. மிச்சமுள்ள காலை ஊன்றி நான் எழும்பினால், அசைய இயலாதவரை ஏமாற்றியவன் ஆவேன். ஆகவே எழும்பினால் விசில். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது தடுப்பாரின்றி வளையத்துக்கு எறியும் ஒரு வாய்ப்பு. அதன்பின் பந்தும் அவர்களுக்கே.

விதி எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் இடக்காலுக்குத்தான் விளங்கவில்லை.

நிர்மலாவை இவ்விடத்தில் அறிமுகம் செய்தல் வேண்டும். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் பணிபுரிபவர். குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளைவாதம் கண்டவர். நாற்பது வயதிருக்கலாம். நிற்பது என்றால் என்னவென்று தமக்குத் தெரியாது என்பதை, தமக்குச் சீனமொழி தெரியாது என்பதைப் போல் மிக இயல்பாகச் சொல்பவர். எங்களிடையே ஆண் அணி, பெண் அணி என்று பிரித்துக்கொள்ளும் அளவிற்கு ஆட்கள் இல்லை. எல்லோரும் ஒன்றாகவே ஆடினோம். எல்லோருக்கும் அவரே தலைவி.

ஆரோக்கியம் மீன் வியாபாரி. கட்டுமரம் கவிழ்ந்து முதுகெலும்பில் அடிபட்டவர். கோவளத்திலிருந்து தாமே ஓட்டிவரும் மூன்று சக்கர வண்டியில் வருவார். அவருடைய தோள்களின் வலிமையைக் கண்டு நான் வியந்ததுண்டு. அவருடைய வாயின் வலிமையையும் கண்டு வியந்ததுண்டு.

எலுமிச்சம்பழம்

எழும்புதல் எனக்கு எவ்வாறு வந்தது என்பதைச் சொன்னால்தான், அதனை விடுவது எத்துணைக் கடினம் என்பது புலப்படும்.

தாம்பரத்தின் அந்நாளைய மண் ஆடுகளம் ஒன்றில் நான் ஆடக் கற்றேன். மழை பெய்தால் செம்மண் காலணியில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் ஒரு படி அரிசி கனக்கும். களத்தின் ஓரத்தில் ஒரு வேம்பு நின்றது. எங்கள் பயிற்சியாளர் அதன் கிளையில் ஓர் எலுமிச்சம்பழத்தை நூலில் கட்டித் தொங்கவிடுவார். நின்ற இடத்திலிருந்து எழும்பி அதனைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் மறுவாரம் நூல் ஒரு விரற்கடை சுருங்கும். பழம் வாடினால் புதுப்பழம் வரும். உயரம் மட்டும் இறங்காது.

"பந்து பலகையில பட்டுத் திரும்புற நேரத்துல யோசிக்கிறவன் தோத்தான். கண்ணு பாக்கறதுக்கு முன்னாடி காலு எழும்பணும்டா," என்பார்.

அவ்வாறே ஆயிற்று. என் கால் என் அறிவுக்குக் காத்திராமல் எழும்பக் கற்றது. பலகையில் பட்டுத் திரும்பும் பந்தை, எங்கள் வழக்கில் ரீபவுண்ட் என்போம், அதனை எடுப்பதற்கென்றே என்னை அணியில் வைத்திருந்தனர். எனக்கு உத்தியோகம் கிடைத்ததும், மாநிலத்தின் சார்பில் ஆடும் பேறு கிடைத்ததும், என் மனைவி சுலோசனாவின் தந்தையார் எனக்குப் பெண் கொடுத்ததும்கூட, அந்த எழும்புதலினால்தான்.

காலியாக இருந்த நாற்காலி

உத்தியோகம் என்றேன். கூடைப்பந்தை மட்டும் ஆடி வயிறு வளர்க்கும் நிலை நம் நாட்டில் அன்று இல்லை. பெரிய அலுவலகங்கள் ஆட்டக்காரர்களை எழுத்தர்களாக நியமித்துக்கொள்ளும். மாதச் சம்பளம் அலுவலகத்தது, வியர்வை ஆடுகளத்தது. காலையில் சென்று கையொப்பமிடுவோம். மதிய உணவுக்குப் பின் பயிற்சிக்குக் கிளம்பிவிடுவோம். போட்டிக் காலங்களில் அந்தக் கையொப்பமும் இராது.

எனக்கென்று ஒரு மேசையும் நாற்காலியும் இருந்தன. நான் அதில் அமர்ந்ததைக் காட்டிலும் பிறருடைய குடைகளும் சாப்பாட்டுக் கூடைகளும் அமர்ந்த நேரம் மிகுதி. எங்கள் கண்காணிப்பாளர் யாரேனும் புதியவர் வந்தால் அந்த நாற்காலியைக் காட்டி, "இது நம்ம ஸ்டார் உக்காராத நாற்காலி," என்று அறிமுகம் செய்து வைப்பார். அது பாராட்டன்று என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

முழங்கால் தேய்ந்து அணியிலிருந்து விலக்கப்பட்ட பிறகு, அந்த நாற்காலியில் வந்து அமர்ந்தேன். ஆட்டக்காரனுக்கு ஓய்வு என்பது இரண்டு முறை வருகிறது. முதல் ஓய்வு வந்தபோது எனக்கு நடுவயதுகூட ஆகவில்லை. ஒரு குறிப்பு எழுதத் தெரியாது. ஒரு கடிதத்தை எப்படித் தொடங்குவதென்று தெரியாது. பழைய கோப்புகளை வீட்டில் பார்த்து எழுதிப் பழகி, வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதைக் கற்றேன். இன்று இவ்வளவேனும் எழுதுகிறேன் என்றால் அந்த நாற்காலியில் பிடிவாதமாக அமர்ந்ததன் பயன்.

ஆகையால், ஒரு நாற்காலியில் அமரக் கற்பது எனக்குப் புதிதன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெல்ட்டும் தரையும்

இரண்டாம் வாரமும் விசில் ஒலித்தது. மூன்றாம் வாரமும் ஒலித்தது.

"பெல்ட் போட்டுக்கோங்க சார்," என்றார் நிர்மலா. "நெறைய பேர் போட்டுக்கறாங்க. தொடைய சீட்டோட சேத்துக் கட்டிட்டா எழ முடியாது."

கட்டிக்கொண்டேன். அடுத்த பந்து பலகையில் பட்டு உயர்ந்தது. என் இடக்கால் வழக்கம்போல் ஊன்றியது. பெல்ட் என்னை விடவில்லை. நானும் பெல்ட்டை விடவில்லை. விளைவாக, நாற்காலி என்னோடு சேர்ந்து எழும்ப முயன்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாங்கள் இருவரும் தரையில் கிடந்தோம். மேலே திரும்பிய சக்கரம் சிறிது நேரம் சுழன்றுகொண்டே இருந்தது.

ஆரோக்கியம் அருகே வந்து குனிந்து பார்த்தார். "அடி ஒண்ணும் இல்லியே சார்? நல்லா கீறியா?"

"நல்லாதான் இருக்கேன்."

"அப்ப ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. நாங்கல்லாம் சேர்ல உக்காந்துகினு கீறோம். நீ சேர தூக்கினு நிக்கிற."

அன்று பயிற்சி முடிந்தபின் நிர்மலா என்னைத் தனியே அழைத்தார். அடுத்த மாதம் சேலத்திலிருந்து ஓர் அணி நம்முடன் ஆட வருகிறது என்றும், விழாக் குழுவினர் என்னை முன்னாள் வீரர் என்ற முறையில் மேடையில் அமர்த்திப் பொன்னாடை போர்த்த விரும்புகின்றனர் என்றும் கூறினார்.

"நான் ஆடத்தானேம்மா வந்தேன்."

"தெரியும் சார். ஆனா நீங்க எழுந்தா பாயிண்ட் போறது டீமுக்கு. மேடையில ஒரு சேர் இருக்கு, கோர்ட்ல ஒரு சேர் இருக்கு. மேட்சுக்குள்ள எழறது நிக்கலன்னா, நானே உங்கள மேடையில உக்கார வெச்சிடுவேன். வயசுக்கெல்லாம் பாக்க மாட்டேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அது எனக்கு உறைத்தது. பொன்னாடைகள் என் வீட்டு அலமாரியில் நிறைய உள்ளன. ஆடுகளத்தில் ஓர் இடம், அது ஒன்றுதான் என்னிடம் இல்லாதது. அதனை விடுவதில்லை என்று, தாம்பரத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் வழியாகக் கீழ்க்கட்டளைக்கு ஆட்டோவில் திரும்பும் வழியெல்லாம் உறுதி செய்துகொண்டேன்.

துண்டின் மறுமுனை

வழி கண்டவர் சுலோசனா.

அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. என் ஆட்டங்களை அவர் பார்த்ததில்லை. பார்க்க விரும்பியதும் இல்லை. "பத்துப் பேர் ஒரு பந்துக்கு அடிச்சிக்கிறதுல என்ன பாக்கறது," என்பது அவர் கட்சி. நான் மீண்டும் ஆடப் போகிறேன் என்றதும், "இருக்கற காலையாவது வீட்டுல வெச்சிட்டுப் போங்க," என்றவர்.

நடந்ததைச் சொன்னேன். மறுநாள் மாலை கூடத்துச் சுவரை ஒட்டி என் நாற்காலியை நிறுத்தினார். நீண்ட பருத்தித் துண்டு ஒன்றை என் தொடைகளுக்கு அடியில் விரித்தார். அதன் மறுமுனையைத் தம் கையில் சுற்றிக்கொண்டு, தொலைக்காட்சிக்கு எதிரே அமர்ந்துகொண்டார்.

"நீங்க பந்தைச் சுவத்துல அடிங்க. நான் இழுத்துக்கிட்டே இருப்பேன். துண்டு என் கைக்கு வந்தா நீங்க எழுந்தீங்கன்னு அர்த்தம்."

"நீ சீரியல் பாத்துக்கிட்டே இழுப்பியா?"

"முப்பது வருஷம் போர்டுல எழுதிக்கிட்டே பின்னாடி பேசறவன யாருன்னு சொன்னவ நான். நீங்க அடிங்க."

சுவரில் பந்தை உயரமாக எறிந்தேன். அது திரும்பிவந்தது. துண்டு அவர் கைக்குப் போயிற்று. அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் துண்டை என்னிடம் நீட்டினார். மீண்டும் விரித்தேன். மீண்டும் போயிற்று.

இப்படி மாலைதோறும் நடந்தது. மாடிவீட்டுக்காரர், சுவரில் என்ன இடிக்கிறீர்கள் என்று கேட்க வந்தவர், நாங்கள் இருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

சில வாரங்களில் ஓர் உண்மையைக் கண்டேன். எழாதே என்று காலுக்கு ஆணையிட்டுப் பயனில்லை. ஆணை போய்ச் சேருமுன் கால் தன் வேலையை முடித்துவிடுகிறது. காலுக்கு வேறு வேலை கொடுத்தல் வேண்டும். பந்து உயரும்போது கண்ணைப் பந்தின்மீது வைக்காமல், அது வந்து விழப்போகும் இடத்தின்மீது வைத்தேன். அந்த இடத்தை நோக்கிச் சக்கரத்தைத் திருப்பினேன். கை சக்கரத்தில் இருந்தால் உடல் முன்னே சாய்கிறது. முன்னே சாய்ந்த உடல் எழும்புவதில்லை.

ஒரு மாலை சுலோசனா துண்டைச் சுண்டி இழுத்தார். அது வரவில்லை. மறுபடி இழுத்தார். நடுவில் நூல் விட்டுக் கிழிந்ததே தவிர, வரவில்லை. அவர் முதன்முறையாகத் தொலைக்காட்சியிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"மேட்ச் எந்த ஞாயித்துக்கிழமை?" என்றார்.

சேலத்து அணி

ஆட்டத்தின் பெரும்பகுதி நான் களத்துக்கு வெளியே காத்திருந்தேன். மேடையில் எனக்கெனப் போட்டிருந்த நாற்காலி காலியாக இருந்தது. யாரோ ஒருவர் அதன்மேல் மாலைகளை வைத்திருந்தார். பழைய அலுவலக நாற்காலி நினைவுக்கு வந்தது.

கடைசிப் பகுதியில் எங்களவர் ஒருவருக்குக் கை சோர்ந்தது. நிர்மலா என்னைத் திரும்பிப் பார்த்தார். விரலால் மேடையை ஒருமுறை காட்டி, பின் களத்தைக் காட்டினார். நான் களத்துக்குள் உருண்டேன்.

சக்கரங்கள் மோதும் இரும்பு ஓசையும், ரப்பர் தேயும் நெடியும், எண்ணெய் இட்டாற்போல் வியர்வையில் வழுக்கும் பந்தும் சேர்ந்து என்னைச் சூழ்ந்தன. முன்பெல்லாம் நான் பிறரது தலைகளுக்கு மேலாக ஆட்டத்தைப் பார்த்தவன். இப்போது அனைவர் கண்ணும் என் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தன. எதிரணியில் நீண்ட கைகளுடைய இளைஞன் ஒருவன் வளையத்தின் கீழ் வந்து வந்து பந்தைக் கொண்டுபோனான். அந்நாளில் நான் செய்துவந்த வேலை அது.

ஆட்டம் முடியும் தறுவாயில் நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். சேலத்தார் எறிந்த பந்து வளையத்தில் பட்டு நேர் மேலே உயர்ந்தது. எனக்கு நேர் மேலே. சற்றே எழும்பினால் போதும், அது என்னுடையது. என் உடலில் உள்ள அத்தனை ஆண்டுகளும் ஒருசேர மேல்நோக்கி இழுத்தன.

நான் பந்தைப் பார்க்கவில்லை. நீண்ட கை இளைஞன் எந்தப் பக்கமிருந்து வருவான் என்று பார்த்தேன். சக்கரத்தைச் சுண்டித் திருப்பி, அவன் வழியில் என் நாற்காலியைக் குறுக்கே நிறுத்தினேன். அவன் சக்கரம் என் சக்கரத்தில் வந்து முட்டி நின்றது. பந்து எங்கள் இருவருக்கும் பின்னால் விழுந்து, ஆரோக்கியத்தின் மடிக்குப் போய்ச் சேர்ந்தது.

விசில் ஒலிக்கவில்லை.

ஆரோக்கியம் நீளமாக எறிய, நிர்மலா எதிர்முனையில் அதனைப் பிடித்து வளையத்துக்கு அனுப்பினார். பந்து விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றியது. உள்ளே விழும் போலிருந்து, வெளியே விழுந்தது. மணி அடித்துவிட்டது. தோற்றோம்.

சரிவுப்பாதை இல்லாத மேடை

பரிசளிப்பின்போது ஒரு சிக்கல் எழுந்தது. சக்கர நாற்காலிக்காரர்களுக்கான விழா மேடைக்குப் படிகள் மட்டுமே இருந்தன. நான்கு பேர் சேர்ந்து என்னை நாற்காலியோடு தூக்கி மேலே வைப்பதாகச் சொன்னார்கள்.

"வேண்டாங்க. நான் டீமோட இருக்கேன்," என்றேன்.

ஆகவே சிறப்பு விருந்தினர் படியிறங்கி வந்தார். மினுமினுக்கும் பொன்னாடையை என் தோளில் போர்த்தினார். ஒலிபெருக்கியில் என் பழைய பெருமைகள் சில வாசிக்கப்பட்டன. அவை வேறு யாரையோ குறித்தன போல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆரோக்கியம் அருகே உருண்டு வந்தார். "சார், அந்தப் பந்து உன்னுது. கையெட்டுற தூரம். ஏன் உட்ட?"

"உக்காந்தா எட்டாது ஆரோக்கியம்."

அவர் தம் சக்கரத்தை என் பக்கம் திருப்பினார். "எங்கிட்ட வரும்னு தெரிஞ்சி உட்டியா, தெரியாம உட்டியா?"

"தெரிஞ்சிதான்."

"அப்ப சரி," என்றார்.

நிர்மலா தம் கைகளைத் துடைத்துக்கொண்டே எங்களைக் கடந்து போனார். தோல்வி அவர் முகத்தில் அப்படியே இருந்தது. போகிற போக்கில், "ஞாயித்துக்கிழமை ஆறு மணி, மாணிக்கம் சார். லேட்டா வந்தா ஹாலைச் சுத்தி ரவுண்டு போகணும். ஷாலெல்லாம் போட்டுக்கிட்டு வராதீங்க," என்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுலோசனா வந்தார். என் ஆட்டம் ஒன்றை அவர் முழுவதுமாகப் பார்த்தது அன்றுதான். எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவர் குனிந்து, என் தோளிலிருந்த பொன்னாடையின் ஓரத்தை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார்.

"அக்கா, அந்தத் துண்டு கிழிஞ்சிபோச்சின்னு சார் சொன்னாரே. இதப் போட்டு இழுத்துப் பாரேன், பளபளன்னு கீது," என்றார் ஆரோக்கியம்.

"இது வழுக்கும்பா," என்றார் சுலோசனா. "நாளைக்குப் போய் வேற பருத்தித் துண்டு வாங்கணும். நல்லா கெட்டியா."